கிறிஸ்துமஸ் தீவின் காற்றில் பேரியம்-140ஐத் தேடுவது எப்படி?

பசிபிக் பெருங்கடலிலுள்ள கிரிபட்டி நாட்டின் கிரிட்டிமட்டி எனப்படும் கிறிஸ்துமஸ் தீவிலும் அதையொட்டியும் 1957, 1958இல் பிரிட்டன் 6 அணுகுண்டுகளை வெடித்தது. 1962இல் அமெரிக்கா 24 குண்டுகளை வெடித்தது. 1979இல் விடுதலை பெற்ற கிரிபட்டி, 2000இல் முழுமையான அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்தையும் 2019இல் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தையும் ஏற்றது. முதல் ஒப்பந்தத்தின் கீழ் உலகெங்கும் அமைய வேண்டிய 80 கதிரியக்கக் கண்காணிப்பு நிலையங்களில் ஒன்றுக்கான இடம் இதே தீவுதான்.

எங்காவது அணுகுண்டு வெடித்தால் காற்றில் கலக்கும் பேரியம்-140 போன்ற கதிரியக்கத் துகள்களைப் பிடிப்பதே இத்தகைய நிலையத்தின் வேலை. அதற்கான விதிகள் கறாரானவை. மணிக்குக் குறைந்தது 500 கன மீட்டர் காற்றை வடிகட்டி வழியே இழுக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 12,000 கன மீட்டர். 0.2 மைக்ரோமீட்டர் துகளில் 80 சதவீதமாவது வடிகட்டியில் சிக்க வேண்டும்.

எடுத்த வடிகட்டியை உடனே அளப்பதில்லை. மண்ணிலுள்ள தோரியத்திலிருந்து கிளம்பும் தோரான் வாயு ஈயம்-212 ஆக மாறித் தூசியில் ஒட்டியிருக்கும். அதன் கதிர்கள் அளவீட்டின் பின்னணி இரைச்சலைக் கூட்டிவிடும். அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 10.6 மணி நேரம். ஆகவே ஒரு நாள் வரை வடிகட்டியை ஆறப்போட்டால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கடல் தோரானை அநேகமாக வெளியிடுவதே இல்லை என்பதால், நடுக்கடல் தீவுக்கு இதில் இயற்கையான அனுகூலம் உண்டு.

பிறகு, ஈயக் கவசத்துக்குள், காமாக் கதிரை உணரும் மிகத்தூய ஜெர்மேனியம் என்ற தனிமத்தின் படிகத்தருகே வைத்து 20 மணி நேரமாவது அளக்கிறார்கள். தேடுவது பேரியம்-140ஐ. அரை ஆயுள் 12.75 நாள், 537 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் காமாக் கதிர் விடும். யுரேனியமோ புளுட்டோனியமோ பிளந்தால் தவறாமல் பிறக்கும் தனிமம் இது. கன மீட்டருக்கு 10 முதல் 30 மைக்ரோ பெக்கெரல் இருந்தாலே பிடிபட வேண்டும் என்பது விதி. பெக்கெரல் என்றால் விநாடிக்கு ஓர் அணுச் சிதைவு; மைக்ரோ என்றால் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 30 என்றே வைத்துக்கொண்டாலும், மொத்த வடிகட்டியிலும் சுமார் 3 விநாடிக்கு ஓர் அணுதான் சிதையும். அதிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு சிதைவே அந்த 537 கதிரைத் தரும். ஒரு முழு நாள் காற்று தேவைப்படுவது இதனால்தான்.

அளவீட்டு வரைபடத்தில் 478 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் பெரிலியம்-7இன் முகடு எப்போதும் தெரியும். காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் உண்டாக்குவது அது. ஒருநாள் அது காணாமல் போனால், காற்று சுத்தம் என்று மகிழக் கூடாது. பம்ப்பையோ வடிகட்டியையோ சோதிக்க வேண்டும்.

பேரியம் இல்லாமல் சீசியம் மட்டும் வந்தால்? சீசியம்-137 குண்டிலும் அணு உலையிலும் பிறக்கும். சீசியம்-134 பிளவில் நேராக உருவாவதில்லை. உலைக்குள் நீண்ட காலம் நியூட்ரான் தாக்கியே உண்டாகிறது. இரண்டும் கிட்டத்தட்டச் சம அளவில் வந்ததால், 2011இல் ஃபுகுஷிமாவின் கசிவை உலைக் கசிவு என்று ஐயமின்றிச் சொல்ல முடிந்தது.

தீவில் உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. உப்பும் ஈரமும் வடிகட்டியை அடைத்தால் காற்றோட்டம் குறையும்; காற்றோட்டத்தை அளக்கும் ஓட்டமானி தவறினால் செறிவுக் கணக்கே தவறிவிடும். மின்சாரம் நின்றால் மைனஸ் 190 டிகிரி வாக்கில் இருக்க வேண்டிய படிகம் சூடேறிவிடும். அதை மறுபடி குளிர்வித்து, சரிபார்த்த பிறகுதான் அளவு எடுக்கலாம். உதிரி பாகம் வெகுதூரம் கடந்து வர வேண்டிய இடத்திலும், தொடர்ந்து 7 நாளுக்கும் ஆண்டில் 15 நாளுக்கும் மேல் நிலையம் முடங்கக் கூடாது என்பதே விதி.

தரவு வியன்னாவிலுள்ள மையத்துக்குப் போகும். அங்கே காற்றின் பாதையைப் பின்னோக்கிக் கணித்து, துகள் கிளம்பிய இடத்தைத் தேடுவார்கள். பிளவுப் பொருள் உட்படப் பல செயற்கைத் தனிமங்கள் வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தால் அது 5ஆம் நிலை, அதாவது வகைப்பாட்டில் மிக உயர்ந்த நிலை. வடிகட்டியை இரண்டாக வெட்டி இரு ஆய்வகங்களுக்கு அனுப்புவார்கள்.

அதற்கடுத்த படி, வெடித்த இடத்துக்கே ஆய்வாளர்களை அனுப்புவது. அணுச்சோதனைத் தடை ஒப்பந்தம் நடைமுறைக்கு வராமல் அது முடியாது. ஏற்றே ஆக வேண்டிய 44 நாடுகளில் 9 நாடுகளின் ஏற்பு இன்று இல்லை. அமெரிக்காவும் சீனாவும் கையெழுத்திட்டதோடு நிற்கின்றன. ரஷ்யா 2023இல் தன் ஏற்பைத் திரும்பப் பெற்றது. இந்தியா கையெழுத்தே இடவில்லை. ஒப்பந்தம் தடைபட்டு நிற்பதற்கு இத்தகைய நாடுகளே பொறுப்பு; கிரிபட்டி தன் பங்கைச் செய்தாகிவிட்டது.