மெய்நிகர் சைக்கிளோட்டம்: சொல்லும் பொருளும்

வீட்டுக்குள் ஓரிடத்தில் பூட்டி நிறுத்திய சைக்கிளை உழக்க, எதிரே திரையில் நம் உருவம் ஒரு வீதியில் ஓடும். வீதி ஏறினால் மிதி இறுகும், இறங்கினால் இளகும். வேறு நாடுகளில் தங்கள் வீடுகளுக்குள் உழக்குகிறவர்களும் அதே வீதியில் நம்மோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். இதற்குத்தான் 'வேர்ச்சுவல் சைக்கிளிங்' என்று பெயர். தமிழில் மெய்நிகர் சைக்கிளோட்டம் எனலாம். மெய்நிகர் என்றதும் கண்ணை மூடி மாட்டும் கருவி நினைவுக்கு வரக்கூடும். இதற்கு அது வேண்டாம், கைபேசித் திரையே போதும்.

திருகோணமலையில் இந்தச் சொல் சைக்கிள் வீரர்களைவிட, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்குக் கூடுதலாக உதவும் என்று நினைக்கிறேன். விடியலில் டச் பே கரையோரமும் உட்துறைமுக வீதியிலும் ஓடுகிறவர்களுக்கு ஆண்டில் இரண்டு காலங்கள் கரைச்சலானவை. மாரியில் மழை விடாது. கச்சான் வீசும் மாதங்களில் காலை எட்டு மணிக்கே வெயில் சுடும். முழங்காலோ கெண்டைக்காலோ நோகத் தொடங்கினால் காலம் பார்க்கவே தேவையில்லை. அப்போது ஓட்டத்துக்குப் பதில் என்ன செய்வது என்ற கேள்விக்கு வரும் பதில்களில் இது ஒன்று.

சரி, 'வேர்ச்சுவல்' எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'விர்' என்றால் ஆண்மகன். அதிலிருந்து பிறந்த 'விர்தூஸ்' ஆண்மை, வலிமை, சிறப்பு என்று விரிந்தது. இடைக்கால லத்தீனில் அது 'விர்தூவாலிஸ்' ஆகி, ஆங்கிலத்துக்குள் போனபின் 15ஆம் நூற்றாண்டளவில் 'பெயரில் அதுவல்ல, ஆனால் விளைவில் அதுவே' என்ற பொருளைப் பெற்றது. கணினிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டது 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான். ஆகவே 'பொய்' என்ற பொருள் இந்தச் சொல்லின் வேரில் இல்லை. வலிமையும் விளைவுமே இருக்கின்றன.

பாடசாலை விஞ்ஞானத்தில் இதே ஆங்கிலச் சொல்லுக்கு 'மாய' என்று படித்தோம். ஆடியில் தெரிவது மாய விம்பம். ஒளிக்கதிர்கள் அங்கே உண்மையில் சந்திப்பதில்லை என்பதால் அந்த இடத்துக்கு அது பொருந்தும். ஆனால் மாயச் சைக்கிளோட்டம், கற்பனைச் சைக்கிளோட்டம் என்றெல்லாம் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். வியர்வை தரையில் சொட்ட உழக்குகிறவரிடம் போய் அது மாயம் என்று சொல்ல முடியாது.

கணினித் தமிழ் தந்த 'மெய்நிகர்' இங்கே அழகாக உட்காருகிறது. மெய் என்றால் உண்மை, நிகர் என்றால் ஒப்பு. அகராதிப்படி 'உண்மைக்கு ஒப்பானது' என்பதே பொருள். ஆனால் மெய்க்கு உடல் என்ற பொருளும் உண்டு. நம் பாடசாலைகளில் ஆண்டுதோறும் நடக்கும் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் இருக்கும் மெய் அதுதான். தமிழ்நாட்டில் தடகளம் என்பதை நாம் மெய்வல்லுநர் விளையாட்டு என்கிறோம். ஓடுகிற ஒருவருக்கு மெய்நிகர் என்ற சொல்லில் அந்த உடலும் கேட்கும். சொல்லை ஆக்கியவர்கள் அதை நினைத்திருக்காவிட்டாலும், இந்தப் பயிற்சிக்கு அது சரியாகவே பொருந்துகிறது.

ஏனெனில் இங்கே உடல் செய்வது முழுக்க உண்மை. புதிய வகைக் கருவிகளில் பின்சில்லைக் கழற்றிவிட்டு, செயினை நேரே கருவியின் பற்சக்கரத்தில் மாட்டுவார்கள். உள்ளே கனமான சில்லொன்று காந்தப் புலத்தினூடே சுழலும். காந்தத்தின் பிடி கூடினால் மிதி கனக்கும். திரையில் ஏற்றம் வந்தால் மென்பொருள் அதை புளூடூத் வழியாகக் கருவிக்குச் சொல்லும். நாம் எத்தனை வாற்று வலுவில் உழக்குகிறோம் என்பதைக் கருவி திருப்பிச் சொல்லும். அந்த வலு, நம் எடை, வீதியின் சரிவு மூன்றையும் முக்கியமாக வைத்து மென்பொருள் வேகத்தைக் கணக்கிடும். 65 கிலோ எடையுள்ளவர் 130 வாற்றில் உழக்கினால் கிலோவுக்கு 2 வாற்று. ஏற்றங்களில் யார் முன்னால் போவார் என்பதை இந்த எண்ணே பெரும்பாலும் தீர்மானிக்கும்.

நிகர் எவ்வளவு நிகர் என்பதையும் பார்க்கவேண்டும். 2014இல் சோதனைப் பதிப்பாக வெளிவந்த ஸ்விஃப்ட் என்ற மென்பொருளில், ஏற்றத்தின் கனத்தை எவ்வளவு உணரவேண்டும் என்று நாமே மாற்றலாம். மாற்றாமல் விட்டால் அது பாதியில் நிற்கும். அதாவது 8 வீதச் சரிவு காலுக்கு 4 வீதமாகத்தான் தெரியும். ஆனால் மலையேறத் தேவையான மொத்த வேலை குறையாது. மெதுவாக உழக்கினால் மெதுவாகத்தான் உச்சிக்குப் போவோம். அதன் கற்பனைத் தீவுக்கு வாட்டோபியா என்று பெயர். வாற்று என்ற அலகோடு, 'இல்லாத இடம்' என்று கிரேக்க வேரில் பொருள்படும் உட்டோபியாவைச் சேர்த்த பெயர் அது. இடம் இல்லை, வாற்று மட்டும் உண்டு என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

சர்வதேச சைக்கிளோட்டச் சங்கம் இதற்கு உலக சம்பியன் பட்டம் கொடுக்கத் தொடங்கியது 2020 டிசம்பரில். ஆண்கள் பிரிவில் முதல் பட்டம் வென்ற ஜேசன் ஒஸ்போன் அப்போது ஜெர்மனியின் படகோட்டி. அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் படகோட்டத்தில் வெள்ளியும் வென்றார். ஒரு விளையாட்டில் வளர்த்த இதயமும் நுரையீரலும் இன்னொன்றில் கைகொடுக்கும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இனி 'சைக்கிள்'. கிரேக்கத்தில் வட்டத்துக்கும் சில்லுக்கும் 'குக்லோஸ்'. அதுவும் வடமொழிச் 'சக்கரமும்' ஒரே பழைய வேரிலிருந்து பிரிந்தவை. நம் அரசாங்கப் படிவங்களில் இருக்கும் துவிச்சக்கரவண்டி அந்த வகையில் சைக்கிளுக்குச் சொந்தக்காரன். மிதிவண்டி, ஈருருளி இரண்டும் நல்ல தமிழ். ஆனால் எல்லார் வாயிலும் சைக்கிள் இருப்பதால் அதை விலக்க எனக்கு மனமில்லை.

வினைச்சொல்லில்தான் நமக்கு உண்மையான செல்வம் இருக்கிறது. நாம் 'சைக்கிள் ஓடுறது' என்போம், 'ஓட்டுறது' என்பது குறைவு. காலால் ஓடுவதும் சைக்கிளில் ஓடுவதும் நமக்கு ஒரே வினை. மிதியைச் சுற்றுவதற்கோ 'உழக்கு' இருக்கிறது. மிதித்தல், கலக்குதல் என்று பொருள்தரும் பழைய வினை. அளக்கும் உழக்கு வேறு. ஆங்கிலத்தில் 'கேடன்ஸ்' என்பதை உழக்கு வேகம் என்று எழுதலாம். நிமிடத்துக்கு 85 உழக்கு என்றால் யாருக்கும் விளங்கும்.

ஓடுகிறவருக்கு இதில் என்ன கிடைக்கும்? ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. உழக்கும்போது அந்த அதிர்ச்சி இல்லாமலே இதயமும் நுரையீரலும் உழைக்கின்றன. ஆனால் எலும்பும் தசைநாணும் அந்த அதிர்ச்சியைத் தாங்கித்தான் பலப்படும் என்பதால், மரதனுக்குப் பழகுகிறவர் ஓட்டத்தை முழுதாக விட முடியாது. சைக்கிளில் இதயத் துடிப்பு ஓட்டத்தில் ஏறுமளவுக்குப் பெரும்பாலும் ஏறாது என்பதையும் மனதில் வைக்கவேண்டும். ஓட்டத்தில் வரும் எண்ணை இங்கே எட்டப் பார்த்தால் தேவைக்கு மேல் களைத்துப்போவோம்.

நம் ஊருக்கு மிக முக்கியமானது காற்று. உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் மிதிக்குப் போகிறது, மீதி வெப்பம். 150 வாற்றில் உழக்குகிறவரின் உடல் 450 வாற்றளவு வெப்பத்தை வெளியேற்றவேண்டும். வீதியில் எதிர்க்காற்று அதைக் கொண்டுபோகும், அறைக்குள் கொண்டுபோக ஒன்றும் இல்லை. கடலோர ஈரக்காற்றில் வியர்வை உலரவும் மாட்டாது. பெரிய ஃபேன் ஒன்றை நெஞ்சுக்கு நேரே வையுங்கள், தண்ணீர் கிட்டவே இருக்கட்டும். கரண்ட் போய் ஃபேன் நின்றால் உழக்குவதையும் நிறுத்துங்கள்.

அப்புறம் 'ட்ரெய்னர்'. இந்தச் சொல் கருவியையும் குறிக்கும், பயிற்றுநரையும் குறிக்கும், குழப்பம் வரும். கருவியை உழக்குபொறி என்று சொல்லிப் பார்க்கலாம். பயிற்சிக் கொப்பியில் 'உழக்குபொறியில் 40 நிமிடம்' என்று எழுதி, சராசரி வாற்றையும் இதயத் துடிப்பையும் பக்கத்தில் குறித்தால் போதும். திரை காட்டும் கிலோமீற்றரை ஓடிய கிலோமீற்றரோடு கூட்டவேண்டாம். அது மென்பொருளின் கணக்கு.