நாயின் தாவலும் முடி உதிர்வும்: எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது

நாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறைகளில் இரண்டு, வருகிறவர் மேலெல்லாம் முன்னங்கால்களைப் போட்டு நாய் தாவுகிறது என்பதும் வீடெங்கும் அதன் முடி கொட்டிக் கிடக்கிறது என்பதும் ஆகும். இரண்டையும் எப்படி நிறுத்துவது என்றே அவர்கள் கேட்கிறார்கள். ஆனால் தாவுவது பெரும்பாலும் நாய் பழகிக்கொண்ட செயல் என்பதால் அதை மாற்றிப் பழக்கலாம். முடி உதிர்வதோ தோலுக்குள் நடக்கும் ஒரு சுழற்சி. எந்தப் பயிற்சிக்கும் அது கட்டுப்படாது.

தாவுவதன் வேர் மிகப் பழையது. வேட்டைக்குச் சென்று திரும்பும் பெரிய ஓநாய்களின் வாயோரத்தை ஓநாய்க் குட்டிகள் நக்கியும் முட்டியும் தூண்டும்போது, பெரியவை விழுங்கி வந்த இறைச்சியைக் கக்கிக் கொடுக்கின்றன. வளர்ந்த நாய்களிடம் இச்செயல் வரவேற்பின் அடையாளமாக எஞ்சியிருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் மனிதரின் முகம் எட்டாத உயரத்தில் இருப்பதால், அதை நெருங்க நாய் பின்னங்கால்களில் எழுகிறது. நம்மை அடக்கி ஆளவே அது தாவுகிறது என்ற விளக்கம் இன்னும் பலரால் சொல்லப்பட்டாலும், வாலையும் உடலையும் குழைத்துக்கொண்டு வரும் நாயைக் கூர்ந்து பார்த்தவர்கள் அதை ஏற்பது கடினம்.

தொடக்கம் எதுவாக இருந்தாலும், அச்செயல் நிலைப்பதற்குக் காரணம் அதனால் கிடைக்கும் பலனே. புதிர்ப் பெட்டிகளுக்குள் பூனைகளை அடைத்து அவை வெளிவரும் வழியைக் கற்பதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக், 1898-இல் தம் ஆய்வை வெளியிட்டார். நல்ல விளைவைத் தரும் செயல் மீண்டும் மீண்டும் செய்யப்படும் என்பது அதிலிருந்து வளர்ந்த விதி. நாயைப் பொறுத்தவரை நல்ல விளைவு என்பது தின்பண்டம் மட்டுமன்று. நம் பார்வையும் பேச்சும் தொடுகையும் அதில் அடங்கும். ஆகவே "இறங்கு, இறங்கு" என்று கத்திக்கொண்டே இரு கைகளாலும் நாயைத் தள்ளுகிறவர், அது விரும்பிய மூன்றையும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடுகிறார். பல நாய்களுக்குத் தள்ளுமுள்ளே ஒரு விளையாட்டு.

அப்படியானால் கண்டுகொள்ளாமல் விட்டால் போதாதா என்று கேட்கலாம். கொள்கையளவில் போதும், நடைமுறையில் அது சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வழக்கமாகக் கிடைத்த பலன் திடீரென நின்றுபோனால் அச்செயல் உடனே மறைவதில்லை, முதலில் தீவிரமடைகிறது. லிஃப்ட் வராதபோது பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்க்கும் மனிதரைப் போல, நாயும் முன்னைவிட உயரமாகத் தாவும், குரைக்கும், சட்டையைக் கவ்வும். அந்த உச்சத்தில் ஒருவர் பொறுமையிழந்து அதைக் கவனித்துவிட்டால், இன்னும் பலமாகத் தாவ வேண்டும் என்பதே நாய் கற்ற பாடமாகிவிடும். வீட்டில் நால்வர் கண்டுகொள்ளாமல் இருந்து ஐந்தாமவர் மட்டும் கொஞ்சினாலும் சிக்கல்தான், ஏனெனில் எப்போதாவது பலன் கிடைக்கும் செயல், எப்போதும் பலன் கிடைத்த செயலைக் காட்டிலும் அழிவதற்கு நீண்ட காலம் எடுக்கிறது.

எனவே தாவலை அழிக்க முயல்வதைவிட, தாவிக்கொண்டே செய்ய இயலாத வேறொரு செயலுக்குப் பலன் கொடுப்பதே சிறந்த வழி. நான்கு கால்களும் தரையில் இருப்பதோ, உட்கார்ந்திருப்பதோ அத்தகைய செயல். இதில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது நேரக் கணிப்பு. தாவுவதற்கு முந்தைய கணத்தில் நாயின் எடை பின்னங்கால்களுக்கு மாறும், தோள்கள் சற்றே உயரும், முன்பாதங்கள் தரையில் இலேசாகும். அதற்கு முன்பே, பாதங்கள் அழுந்தப் பதிந்திருக்கும்போதே, தின்பண்டம் கிடைத்துவிட வேண்டும். ஓரிரு நொடிகள் பிந்தினாலும் எந்தச் செயலுக்கு அது கிடைத்தது என்பது நாய்க்குக் குழம்பிவிடும். கையை உயர்த்திக் கொடுத்தால் மூக்கும் அதன் பின்னே உடலும் மேலெழும் என்பதால், தின்பண்டத்தை நாயின் மார்புக்குக் கீழே, தரையையொட்டி நீட்ட வேண்டும். தோல்வாரை ஒருவர் பிடித்திருக்க, மற்றொருவர் மெல்ல நெருங்கி வரலாம்; கால்கள் தரையில் இருந்தால் மேலும் ஓரடி நெருங்கவும், எழுந்தால் பேசாமல் திரும்பிச் செல்லவும் வேண்டும்.

நாய்கள் தாம் கற்றதை இடத்தோடும் ஆளோடும் சேர்த்தே கற்கின்றன. கூடத்தில் வீட்டாரிடம் ஒழுங்காக உட்காரும் நாய், வாசலில் புதியவரைக் கண்டதும் தாவினால் அது பிடிவாதம் அன்று; அந்தச் சூழலில் அது இன்னும் பழகவில்லை என்றே பொருள். முழங்காலால் நெஞ்சில் இடிக்கச் சொல்லும் அறிவுரையை நான் முற்றிலும் தவறென்றே கருதுகிறேன். அது காயப்படுத்தக்கூடும், அதைவிடப் பெரிய தீங்காக, விருந்தினர் வந்தால் வலி வரும் என்று நாய் கற்றுக்கொள்ளக்கூடும்.

முடியின் கணக்கு வேறு. ஒவ்வொரு மயிர்க்காலும் வளர்ச்சி, ஒடுக்கம், ஓய்வு, உதிர்வு என்ற சுழற்சியில் இயங்குகிறது. மனிதத் தலையில் பெரும்பாலான மயிர்க்கால்கள் எந்நேரமும் வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கின்றன. பெரும்பாலான நாய் இனங்களிலோ பெரும்பகுதி ஓய்வுக் கட்டத்தில் இருக்கும். அதனால்தான் அவற்றின் முடி ஒரு நீளத்தோடு நின்றுவிடுகிறது, வெட்ட வேண்டியதில்லை, ஆனால் ஏராளமாக உதிர்கிறது. பூடில் போன்ற இனங்களில் வளர்ச்சிக் கட்டம் நீள்வதால் முடி வளர்ந்துகொண்டே போகும், உதிர்வது குறைவு.

நாயின் தோலில் ஒரே துளையிலிருந்து பருத்த மேல்முடி ஒன்றும் மெல்லிய உள்முடிகள் பலவும் கற்றையாக எழுகின்றன. பருவம் மாறும்போது கொத்துக்கொத்தாகக் கழல்வது பெரும்பாலும் இந்த உள்முடியே. தொடையின் பின்புறத்தில் பஞ்சுபோல் துருத்தி நிற்பதும் அதுதான். இதற்கு முக்கியத் தூண்டுதல் பகல் வெளிச்சத்தின் நீளம். கண் வழியாக வரும் அச்செய்தி மெலடோனின், புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களின் அளவை மாற்றி மயிர்க்கால்களை எட்டுகிறது. இரவெல்லாம் விளக்கெரியும் வீட்டில் வாழும் நாய்க்குப் பருவ வேறுபாடு மங்கிவிடுவதால், ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்வது உண்டு.

நாயின் முடிவகைகளில் பெரும்பாலானவற்றை மூன்று மரபணுக்களின் வேறுபாடுகளே விளக்குகின்றன என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே எந்த ஷாம்பூவும் உதிர்வை நிறுத்திவிடாது. சீப்பு செய்வது, ஏற்கெனவே கழன்று முடிக்குள் சிக்கியிருப்பதைத் தரையில் விழுமுன் சேகரிப்பது மட்டுமே. மேலோட்டமாக வாருவதால் அது கூட நடக்காது. ஒரு கையால் முடியை விலக்கி, தோல் தெரியும்படி வகிடெடுத்து, அங்கிருந்து முடி வளரும் திசையில் அழுத்தாமல் வார வேண்டும். குளிப்பாட்டுவதற்கு முன்பே வாருவது அவசியம். நனைந்த சிக்கு உலரும்போது மேலும் இறுகிவிடும். உதிர்வு மிகும் பருவத்தில் அன்றாடமும், மற்ற நாட்களில் வாரம் ஓரிரு முறையும் வாரினால் பெரும்பாலான நாய்களுக்குப் போதும்.

அடர்ந்த உள்முடி உள்ள நாயை முழுதாக மழித்துவிடுவது தீர்வாகாது. சில நாய்களுக்கு மழித்த இடத்தில் பல மாதங்கள் முடி வளராமலே போவதுண்டு. வெயிலிலிருந்து கிடைத்த பாதுகாப்பும் போய்விடும். ஒவ்வாமைக்காக உதிராத இனத்தைத் தேடுகிறவர்களும் ஏமாறக்கூடும், ஏனெனில் ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் எச்சிலிலும் தோல் செதில்களிலும் இருக்கின்றன. லினோலியிக் அமிலம் போன்ற கொழுப்பமிலம் உணவில் குறைந்திருந்தால், அதை ஈடுசெய்வது முடிக்கு நல்லது. போதுமான அளவு இருக்கும்போது எண்ணெயைக் கூட்டிக்கொண்டே போவதால் உதிர்வு நிற்காது.

எவ்வளவு உதிர்ந்தாலும் புதுமுடி முளைத்து, தோல் வெளியே தெரியாமல் இருந்தால் கவலைக்கு இடமில்லை. வட்டவட்டமாக வழுக்கை விழுவது, ஓயாமல் சொறிவது, தோல் சிவந்து செதிலுதிர்வது ஆகியவை பூஞ்சை, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணிகள், தெள்ளுப்பூச்சி போன்றவற்றைக் குறிக்கலாம். அரிப்பே இல்லாமல் உடலின் இரு பக்கங்களிலும் ஒரே சீராக முடி குறைந்து, நாய் சோர்ந்து, எடையும் கூடினால் தைராய்டு குறைபாடு இருக்கக்கூடும். முன்னவற்றைத் தோலையும் முடியையும் சோதித்தும், தேவைப்பட்டால் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தும், பின்னதை இரத்தப் பரிசோதனையிலும் கால்நடை மருத்துவர் உறுதிசெய்வார்.