கடல்மீன் தொட்டிக்கு ஃபில்டர்: கணக்கைத் தீனியிலிருந்து தொடங்குங்கள்

"இருநூறு லிட்டர் தொட்டிக்கு எந்த ஃபில்டர் போடலாம்?" கடல்மீன் வளர்க்க ஆசைப்பட்டு சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்கு வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பெட்டியின் மேல் அச்சடித்த லிட்டரைப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டே மாதத்தில் கண்ணாடியெல்லாம் பாசி படிந்து, மீன் தீனியைத் தொடாமல் மூலையில் நிற்கும். தினமும் எத்தனை கிராம் தீனி போடப்போகிறோம் என்ற கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

45 சதவீதம் புரதம் உள்ள உலர் தீனி ஒரு கிராமில் நைட்ரஜன் சுமார் 72 மில்லிகிராம் இருக்கும். மீன் தன் உடம்பில் சேர்த்துக்கொண்டது போக, ஏறக்குறைய 50 மில்லிகிராம் செவுள் வழியாகவும் கழிவாகவும் தண்ணீருக்கே வந்துவிடும். அது அமோனியா, நைட்ரைட் என்று மாறி நைட்ரேட்டில் வந்து நிற்கும்போது 220 மில்லிகிராம் ஆகும். 200 லிட்டரில் அது 1 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) சற்று மேல். இறால் மாதிரி ஈரத் தீனி என்றால் இரண்டு கிராமுக்கு மேல் போட்டால்தான் இதே கணக்கு வரும்.

ஒரு ஜோடி கோமாளி மீனும் இரண்டு டாம்செல்லும் இருக்கும் தொட்டிக்கு நாளைக்கு அரை கிராம் தீனி போதும். பதினைந்து நாளில் நைட்ரேட் 8 பிபிஎம் ஏறும். அதே இடைவெளியில் 20 சதவீதம் தண்ணீர் மாற்றி வந்தால், எவ்வளவு காலம் ஆனாலும் 40 பிபிஎம்மைத் தாண்டாது. பவளம் இல்லாத தொட்டிக்கு அதுதான் மேல் வரம்பு. 20க்குள் வைத்திருந்தால் இன்னும் நல்லது. பாசத்தில் நாளைக்கு 2 கிராம் போடுபவர் அதே 20 சதவீதம் மாற்றினால், நைட்ரேட் ஏறி ஏறி 150ஐத் தாண்டித்தான் நிற்கும். தண்ணீர் மாற்றுவது மட்டும் அங்கே உதவாது.

அமோனியாவில் எந்தச் சமரசமும் கூடாது. கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருப்பதால், நன்னீரில் பிஎச் 7ல் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேலான பங்கு விஷ வடிவத்தில் இருக்கும். மீன் விடுவதற்கு முன்பே அம்மோனியம் குளோரைடு கலந்து 2 பிபிஎம் வரை ஏற்றுங்கள். 24 மணி நேரத்தில் அது தானாகப் பூஜ்யத்துக்கு இறங்கினால்தான் தொட்டி தயார். இதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும்.

அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது பாக்டீரியா. அதற்கு வீடு வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு 'லைவ் ராக்' எனப்படும், பாக்டீரியா குடியேறிய பவளக்கல்லைத் தேடாதீர்கள். கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன; மன்னார் வளைகுடாவிலிருந்து பவளக்கல்லை எடுப்பதும் விற்பதும் குற்றம். சம்பில் (தொட்டிக்குக் கீழே ஃபில்டருக்காக வைக்கும் துணைத் தொட்டி) போடும் செராமிக் கற்களும், செயற்கையாக வார்த்த நுண்துளைக் கற்களும் அதே வேலையைச் செய்யும்.

ஆனால் இந்தக் கற்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவதோடு சரி. நைட்ரேட்டைப் பெரிதாகக் குறைப்பதில்லை. கரைந்த கழிவை அழுகுவதற்கு முன்பே வெளியே எடுக்கும் கருவி ஸ்கிம்மர். உப்புநீரில் உண்டாகும் மிக நுண்ணிய குமிழிகளில் புரதமும் கொழுப்பும் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறிக் கோப்பையில் விழும். பெட்டியில் 400 லிட்டர் என்று எழுதியிருக்கும் ஸ்கிம்மரை 200 லிட்டர் தொட்டிக்கு வாங்குங்கள். சம்பில் அது நிற்கும் அறையின் நீர்மட்டம் ஏறி இறங்கக் கூடாது. ஒரு அங்குலம் ஏறினாலே வெறும் தண்ணீர் கோப்பையில் கொட்டும். புதிய ஸ்கிம்மர் முதல் பத்து நாள் ஒழுங்காக நுரைக்காது, பதற வேண்டாம். கோப்பையில் சேர்வது கடுங்காப்பி நிறத்தில், மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு இருந்தால் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். கழுத்துப் பகுதியில் படியும் கொழகொழப்பை வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் நுரை மேலேறாது. காற்றுக் குழாயின் முனையில் உப்பு அடைத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கும். வெந்நீர் ஊற்றினால் கரைந்துவிடும்.

சம்ப் வைக்க இடமில்லாமல் கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய ஃபில்டர்) போடுபவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. உள்ளே ஸ்பான்ஜில் சிக்கிய கழிவு தண்ணீரை விட்டு வெளியே போகவில்லை; அங்கேயே அழுகிக்கொண்டிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். சம்ப் இருந்தால் தண்ணீரை வடிகட்டும் துணிப்பையான ஃபில்டர் சாக்கை மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும். யூவி விளக்கு நைட்ரேட்டைத் துளியும் குறைக்காது.

அதிகம் தின்னும் லயன்ஃபிஷ், கிளாத்தி போன்றவற்றைப் பெரிய தொட்டியில் வளர்ப்பவர்களுக்குப் பாசித்திரை நல்ல வழி. சொரசொரப்பான பிளாஸ்டிக் வலையின் மேல் தண்ணீரை வழியவிட்டு, இருபுறமும் வெளிச்சம் கொடுத்தால் பாசி அங்கே வளரும். வாரம் ஒருமுறை சுரண்டி எறிந்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடு போய்விடும். நாளைக்கு ஒரு க்யூப் உறைந்த தீனிக்குச் சுமார் 80 சதுர சென்டிமீட்டர் வலை வேண்டும். வோட்கா, வினிகர் ஊற்றி நைட்ரேட்டைக் குறைக்கும் முறையை ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் முயலவே வேண்டாம். பாக்டீரியா திடீரெனப் பெருகி ஆக்சிஜனை உறிஞ்சினால் ஒரே இரவில் மீன் போய்விடும்.

ஊற்றும் தண்ணீரையும் சோதியுங்கள். போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தால் எத்தனை முறை மாற்றியும் பயனில்லை. வீட்டு ஆர்ஓவில் சுவைக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத நீரைக் கலக்கும் டிடிஎஸ் வால்வு இருந்தால், தொட்டிக்குப் பிடிக்கும்போது அதை மூடிவிடுங்கள். ஆவியாகிக் குறையும் அளவுக்கு நன்னீர் மட்டும் ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை.

மின்வெட்டுக்கும் தயாராக இருங்கள். ஓட்டம் நின்ற கேனிஸ்டருக்குள் ஓரிரு மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும், பாக்டீரியா சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிட்டால் உள்ளே தேங்கிய நாறும் தண்ணீர் நேராக மீன் மேல்தான் பாயும். முதலில் கேனிஸ்டரைத் திறந்து அந்தத் தண்ணீரைக் கொட்டி, ஸ்பான்ஜை அலசிவிட்டு அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். அதுவரை தொட்டிக்குள் பேட்டரி ஏர் பம்ப் ஓடட்டும். அன்றைக்குத் தீனி வேண்டாம்.