க்ளைமாக்ஸ்: ஏணியா, உச்சியா, முடிவா?

"கதை நல்லாத்தான் போச்சு, க்ளைமாக்ஸ்லதான் சொதப்பிட்டாங்க." வாராவாரம் காத்திருந்து வருஷக்கணக்கா ஒரு தொடர்கதை படிச்ச யாரும் ஒரு தடவையாவது இப்படிப் புலம்பியிருப்போம். ஆனா நாம குறை சொல்றது அந்தக் கதையோட முடிவ. க்ளைமாக்ஸ்ங்கற சொல்லுக்கு மூலத்துல முடிவுங்கற பொருளே கிடையாது.

கிரேக்கத்துல அதுக்குப் பொருள் ஏணி. சாயறதுங்கற வினைச்சொல்லோட சொந்தக்காரச் சொல் அது, சுவத்துல சாய்ச்சு வைக்கற பொருள்தானே ஏணி. (நோயாளி சாஞ்சு படுக்கற கட்டில்லேர்ந்து வந்த கிளினிக்கும் இதே குடும்பம்தான்.) மேடைப்பேச்சு சொல்லிக்கொடுத்தவங்க, ஒவ்வொரு சொல்லா படிப்படியா வலுவ ஏத்திக்கிட்டே போற அடுக்குக்கு ஏணின்னு பேர் வச்சாங்க, 16ம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்குப் போனப்பவும் அதே பொருள்தான். 18ம் நூற்றாண்டு கடைசில ஏணிய விட்டுட்டு அதோட மேல்படிய மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க, சனங்க சரியா தெரியாம புழங்கினதால வந்த பொருள் இதுன்னு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே சொல்லுது. நம்மகிட்ட வந்தப்புறம் அது இன்னும் கொஞ்சம் நகர்ந்து, கடைசி சீன், கடைசி அத்தியாயம்னு ஆயிடுச்சு.

ஏணிங்கற பழைய பொருளுக்கு நம்ம அணியிலக்கணத்துலயே அச்சுல வார்த்த மாதிரி ஒரு பேர் இருக்கு, மேன்மேலுயர்ச்சி அணி. மேல்படிக்கு உச்சம் அல்லது உச்சக்கட்டம், அதுலயும் சிக்கல் இல்ல. ஆனா உச்சக்கட்டம் வேற, முடிவு வேற. 1863ல ஜெர்மன்காரர் குஸ்டாவ் ஃப்ரைடாக் நாடகத்த அஞ்சா பிரிச்சப்ப உச்சத்த நடுவுலதான் வச்சார், அதுக்கப்புறம் இறக்கம்னு ஒண்ணு உண்டுன்னார்.

நம்ம ஆளுங்க இதை அவருக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே யோசிச்சிருக்காங்க, அதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதின அடியார்க்குநல்லார் நாடகத்தோட அஞ்சு சந்திய, அதாவது கதை நகர்ற அஞ்சு கட்டத்த சொல்றார், அத்தனைக்கும் வயல்லேர்ந்துதான் உவமை. உழுது பக்குவம் பண்ணின நிலத்துல விதை முளைக்கறது முகம், நாத்தா எழுந்து நிக்கறது பிரதிமுகம், உள்ள கரு பொதிஞ்சு நிக்கறது கருப்பம், கதிர் விரிஞ்சு முத்தித் தலை சாயறது விளைவு, அதோட நிறுத்தல அவர், அந்தக் கதிர அறுத்து போரடிச்சு தூத்தி பொலி சேத்து வீட்டுக்குக் கொண்டுபோய் சாப்பிட்டு சந்தோஷப்படறது துய்த்தல். ஆக உச்சத்துக்கு விளைவு, முடிவுக்குத் துய்த்தல். ரெண்டுக்கும் தனித்தனியா சொல் வச்சிருந்த நாம ரெண்டையும் க்ளைமாக்ஸ்னு ஒரே சாக்குல கட்டிட்டோம்.

இந்த ரெண்டு சொல்லும் இருந்தா நம்ம ஏமாத்தம் என்னன்னும் தெளிவா சொல்ல முடியும். முக்காவாசி தொடர்கள்ல விளைவு நல்லாவே இருக்கும், சண்டை நடக்கும், ரகசியம் உடையும், துய்க்கத்தான் விட மாட்டாங்க. கதிர் முத்தி நிக்குது, அறுத்துச் சாப்பிடறதுக்குள்ள வயல வேலி போட்டு அடைச்சா யாருக்குத்தான் மனசு ஆறும்? 1893ல கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸ ஸ்விட்சர்லாந்து அருவில விழவச்சு அங்கயே கதைய முடிச்சார், வாசகர்கள் கொதிச்சுப் போய் அந்தப் பத்திரிகை வாங்கறதையே நிறுத்தினாங்க, கடைசில 1903ல ஹோம்ஸ உயிரோட கொண்டுவரவேண்டியதாச்சு.

நமக்கு நெருக்கமான உதாரணம் பொன்னியின் செல்வன். 1950 அக்டோபர்லேர்ந்து 1954 மே வரைக்கும் மூணரை வருஷம் கல்கில வாராவாரம் வந்த கதை. அது முடிஞ்சப்ப வாசகர்களுக்கு திருப்தி இல்ல, திடீர்னு நிறுத்திட்ட மாதிரி இருக்கு, வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் நடந்துச்சா, இன்னார் கதி என்ன, அன்னார் கதி என்னன்னு கேட்டாங்க, அதுக்கு பதில் சொல்லத்தான் கல்கி தனியா ஒரு முடிவுரையே எழுதினார். கற்பனைக் கதைன்னா எல்லாருக்கும் கணக்கு முடிச்சுடலாம், சரித்திரக் கதைல அப்படி முடியாதுங்கறது அவர் வாதம். அது நியாயம்தான், ஆனா வாசகர்கள் கேட்டதும் நியாயம்தான்னு நான் நினைக்கறேன், அவங்க கேட்டது துய்த்தல. அந்தக் கேள்விகள்லயே தெரியுதே எவ்வளவு பாசம்னு, பிடிக்காத கதைல யார் யாரைக் கட்டிக்கிட்டா நமக்கென்ன?

சரி, தொடர்கதை கடைசில அச்சடிப்பாங்களே "முற்றும்"னு, அதையும் பாத்துடுவோம். முற்றுதல்னா முடியறது மட்டும் இல்ல, முதிர்றதும்தான், கடைல வெண்டைக்கா நுனிய ஒடிச்சுப் பாத்துட்டு முத்திடுச்சுன்னு சொல்றோமே அதே சொல். அதனால முற்றும்னு போட்டா கதை விளைஞ்சிருக்கணும். பிஞ்சா பறிச்சுட்டு முற்றும்னு போடறப்பதான் படிக்கறவங்களுக்கு வயிறு எரியுது.

எங்க பெரியம்மா அந்தக் காலத்துல வாரப்பத்திரிகைலேர்ந்து தொடர்கதைப் பக்கத்த மட்டும் கிழிச்சு, கோணி ஊசில நூல் கோத்து, காலண்டர் அட்டை போட்டுத் தைச்சு வச்சிருந்தாங்க. ஒரு பக்கத்துல கதை, பின்பக்கத்துல தலைவலித் தைலம் விளம்பரம், ஜோக் பாதி வரைக்கும் இருக்கும், மீதி கிழிஞ்சு போன துண்டுல. அதுல ஒரு கதையோட முடிவு அவங்களுக்கு சுத்தமா பிடிக்கல, கதாநாயகிய அப்படி விட்டிருக்கக் கூடாதுன்னு நாப்பது வருஷம் கழிச்சும் அரிசி புடைச்சுக்கிட்டே என்கிட்ட சண்டை மாதிரி சொல்லுவாங்க. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் கட்ட எடுத்துடுவாங்க. கடைசி மூணு வாரம் மட்டும் மேல் ஓரம் கூட மடங்காம புதுசு மாதிரியே இருக்கு, அதுக்கு முன்னாடி இருக்கற பக்கமெல்லாம் விரல் பட்டுப் பட்டு துணி மாதிரி ஆயிடுச்சு.