மெய்ன் கப்பலை அழித்தது கண்ணிவெடியா, கரியா?

1898 பிப்ரவரி 15, இரவு 9.40. அப்போது ஸ்பெயின் ஆண்ட கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் மெய்னின் முன்பகுதி வெடித்துச் சிதறியது. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நீர்மூழ்குவோரை இறக்கிப் பார்த்த அமெரிக்க விசாரணைக் குழுவின் கண்ணில் முக்கியமாகப் பட்டது, 18ஆம் விலாச்சட்டத்தருகே தலைகீழ் 'வி' போல மேல்நோக்கி மடிந்திருந்த கப்பலின் அடித்தண்டு, அதாவது அடியில் முதுகெலும்புபோல நீளவாக்கில் ஓடும் சட்டம். வெளியிலிருந்து கண்ணிவெடி தள்ளியதாகக் குழு முடிவுகட்டியது. யார் வைத்தது என்று சொல்லவில்லை. ஆனால் பத்திரிகைகளும் மக்களும் ஸ்பெயினைக் குற்றவாளியாக்கிவிட்டார்கள். கப்பலுக்குள்ளேதான் வெடித்தது என்ற ஸ்பானிய விசாரணையின் முடிவு அமெரிக்காவில் எடுபடவில்லை.

கப்பலுக்குள் என்ன இருந்தது? ஆறங்குலப் பீரங்கிகளின் வெடிமருந்து அறையை ஒட்டியே ஒரு கரிக்கிடங்கு. நடுவே எஃகுத் தடுப்பு மட்டும்.

நிலக்கரி தானாகவே பற்றிக்கொள்ளும். அதன் பரப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனை ஈர்த்து மெல்ல வெப்பம் விடுகிறது. சின்னக் குவியலென்றால் அந்தச் சூடு ஆறிவிடும். டன் கணக்கில் அடைத்த கிடங்கிலோ வெளியேற வழியின்றித் தேங்கும். சூடு ஏற ஏற வினையும் விரைவுபடும். 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். மெய்ன் சுமந்த பிட்டுமினஸ் கரி, கடினமான ஆந்த்ரசைட்டைவிட எளிதில் நொறுங்கும். பொடிந்தால் பரப்பும் பெருகும். குவியலின் நடுவே கங்கு கனன்றாலும் மேலே தெரியாது. தடுப்பு எஃகு அந்தச் சூட்டை மறுபக்கம் கடத்தும். மறுபக்கத்துக் கருமருந்து பற்றிக்கொள்ளக் காற்றுகூட வேண்டாம். ஆக்சிஜன் தரும் வெடியுப்பு அதற்குள்ளேயே இருக்கிறது.

உள்ளே வெடித்தால் அடித்தண்டு மேல்நோக்கி மடியுமா? மடியலாம். முன்பகுதி அறுந்து மூழ்கும்போது, உள்ளே பாயும் நீரும் முறிந்த பாகங்களின் எடையும் தகடுகளை எந்தப் பக்கமும் வளைக்கும். தகடு வளைந்த திசையை வைத்து மட்டும் வெடித்த இடத்தைச் சொல்வது பெரும் பிழை.

அமெரிக்கக் குழுவின் அறிக்கை வெளிவந்த அடுத்த மாதமே, ஏப்ரலில், அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. டிசம்பர் 10 பாரிஸ் ஒப்பந்தத்தில் ஸ்பெயின் கியூபாவைக் கைவிட்டது. போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் பிலிப்பைன்ஸும் அமெரிக்கா வசமாயின; பிலிப்பைன்ஸுக்காக மட்டும் 2 கோடி டாலர் தரப்பட்டது.

1911இல் கப்பலைச் சுற்றி அணைகட்டி, நீரை இறைத்து மறுபடி ஆராய்ந்த குழுவும் கண்ணிவெடி என்றே சொன்னது, இடத்தை மட்டும் மாற்றி. 1976இல் அமெரிக்கக் கடற்படை அட்மிரல் ரிக்கோவரின் ஆய்வு, கரிக்கிடங்குத் தீயே பெரிதும் சாத்தியம் என்றது. 1998இன் கணினி ஆய்வோ கண்ணிவெடியை முற்றாக ஒதுக்கவில்லை. பிந்தைய இருவருக்கும் கிடைத்தவை பழைய படங்களும் குறிப்புகளும்தான். உடைந்த கப்பலை 1912 மார்ச்சிலேயே ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று, மரியாதைகளோடு மூழ்கடித்துவிட்டார்கள்.