பிளாஸ்டிக் எழுத்தைப் பெயின்ட் எப்படிப் பிடித்துக்கொள்கிறது?

பெயர்ப்பலகையில் பிளாஸ்டிக் எழுத்தின் நிறம் உரிந்தால், பழி பெயின்ட் டப்பாவின் மேல் விழும். பெரும்பாலும் அது குற்றமற்றது. உரிந்த செதிலைத் திருப்பிப் பாருங்கள்: அடிப்பக்கம் வழவழப்பாகப் பளபளத்தால், அந்தப் பெயின்ட் பிளாஸ்டிக்கைச் சரியாகப் பிடிக்கவே இல்லை என்று பொருள்.

பிடிக்க வேண்டுமானால் முதலில் நனைக்க வேண்டும். ஒரு திரவத்தின் பரப்பு இழுவிசை (துளியாகத் திரளவைக்கும் விசை), அது விழும் பொருளின் பரப்பு ஆற்றலைவிட (திரவத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும் திறன்) குறைவாக இருந்தால் நன்றாகப் பரவும். இல்லையென்றால் துளியாகத் திரளும். மீட்டருக்கு மில்லிநியூட்டன் என்ற அலகில் தண்ணீரின் இழுவிசை சுமார் 72. அக்ரிலிக், பி.வி.சி. ஆகியவற்றின் பரப்பு ஆற்றல் 40ஐ ஒட்டியது. பாலித்தீனுக்கும் பாலிப்ரோப்பிலீனுக்கும் ஏறக்குறைய 30தான். இவை வெறும் கார்பன், ஹைட்ரஜன் சங்கிலிகள். பெயின்ட் மூலக்கூறுகளைக் கவர்ந்திழுக்க இவற்றிடம் பெரிதாக எதுவும் இல்லை.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடாதா? அக்ரிலிக்குக்கும் பி.வி.சி.க்கும் சரியாகும். 400ஆம் எண் தாளை நீர் விட்டுத் தேய்த்து, பளபளப்பை மட்டும் எடுத்தால் போதும். நுண்கீறல்களுக்குள் பெயின்ட் இறங்கி இறுகும். நனையாத பரப்பிலோ சொரசொரப்பு நேர்மாறாகவும் வேலை செய்யும். தாமரை இலை நுண்மேடுகள் நிறைந்தது. அதில் தண்ணீர் நிற்பதில்லை. எனவே பாலிப்ரோப்பிலீனுக்குத் தேய்ப்பு மட்டும் போதாது, அதற்கென்றே உள்ள பிரைமர் (அடிப்பூச்சு) வேண்டும். தொழிற்சாலைகளில் சுடரை ஒரு கணம் காட்டி, மேற்பரப்பில் ஆக்சிஜனைச் சேர்த்தும் பிடிமானத்தை வரவழைக்கிறார்கள்.

தேய்ப்பதற்கு முன்பே கழுவிவிட வேண்டும். பலரும் இந்த வரிசையை மாற்றிச் செய்து, வார்ப்பு அச்சிலிருந்து வந்த சிலிகோன் எண்ணெயை உப்புத்தாளால் கீறல்களுக்குள்ளேயே திணித்துவிடுகிறார்கள். பிறகு பெயின்டில் வட்ட வட்டமாகக் குழி விழும். எனவே எழுத்தை முதலில் சோப்பு நீரில் கழுவி, நன்றாக அலசிவிடுங்கள். தின்னரையும் அசிட்டோனையும் அக்ரிலிக்கின் அருகில் கொண்டுவராதீர்கள். லேசரால் வெட்டிய விளிம்புகளில் உள் இறுக்கம் தேங்கி நிற்கும். கரைப்பான் உள்ளே புகுந்ததும் மயிரிழை வெடிப்புகளாக அது வெளிப்படும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் நிலைமின்னூட்டம் உண்டாகிக் காற்றிலுள்ள தூசியை எல்லாம் இழுக்கும், ஈரத்துணியே நல்லது.

இனி வெயில். வெப்பநிலை 40 டிகிரி மாறினால், ஒரு மீட்டர் அக்ரிலிக் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும் அல்லது சுருங்கும். அலுமினியத்தில் இது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கூடவே வளைந்துகொடுக்காத பெயின்ட் வெடித்துவிடும். இரு பாகம் கலக்கும் அக்ரிலிக் பாலியூரித்தேன் வளைந்தும் கொடுக்கும், புற ஊதாக் கதிரையும் தாங்கும். ஆனால் அதன் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். சாதாரணத் துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. பி.வி.சி. எழுத்துக்குக் கறுப்பு அடிக்க நினைத்தால் சற்று யோசியுங்கள். அடர்நிறம் வெயிலை உறிஞ்சும், பி.வி.சி. 80 டிகிரி அளவிலேயே இளகிவிடும்.

தடித்த ஒரே பூச்சைவிட மெல்லிய பல பூச்சுகள் மேல். தடிப்பில் கரைப்பான் சிக்கிக்கொள்ளும். தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும், முழு உறுதிக்கோ ஒரு வாரம்கூட ஆகலாம். கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்க்கும் சோதனையை அதன் பிறகே செய்யுங்கள், அதுவும் வெட்டியதில் மிஞ்சிய துண்டில்.