பிங் ஒன்று சொல்கிறது, என்எஸ்லுக்அப் வேறொன்று சொல்கிறது

“ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். பிங் கொடுத்தால் நான் எழுதிய முகவரிக்குப் போகிறது. என்எஸ்லுக்அப் கொடுத்தால் பழைய முகவரிதான் வருகிறது. எது பொய்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டும் உண்மைதான். இரண்டும் விசாரித்த இடம்தான் வேறு. பிங் என்பது ஒரு கணினியை எட்ட முடிகிறதா என்று பார்க்கும் கட்டளை, என்எஸ்லுக்அப் ஒரு பெயருக்குரிய முகவரியைக் கேட்டுச் சொல்லும் கட்டளை.

கணினிகள் ஒன்றையொன்று ஐபி முகவரியால் அடைகின்றன, பெயர்கள் நம் வசதிக்காக, பெயரை முகவரியாக மாற்றித் தர டிஎன்எஸ் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்த கதை. பிறகு எதற்கு ஒவ்வொரு கணினியிலும் பெயர்களையும் முகவரிகளையும் எழுதி வைக்க ஹோஸ்ட்ஸ் என்று தனியாக ஒரு கோப்பு? அது டிஎன்எஸ்ஸுக்கு மூத்தது என்பதால்தான்.

1970களில், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே கோப்பில் அடங்கிவிட்டன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினியைச் சேர்த்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது கோப்பைப் புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும். கணினிகள் இரட்டிப்பானால் கோப்பின் அளவும் இரட்டிப்பாகும், அதை இறக்குபவர்களும் இரட்டிப்பாவார்கள். ஆக, நெட்வொர்க்கின் மேல் விழும் சுமை நான்கு மடங்கு. இப்படியே போனால் தாங்காது என்றுதான் 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அவருக்குரிய புகழ் அவருக்குக் கிடைத்தது, சரி. ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டு காலம் ஒரு பட்டியலைப் பிழையில்லாமல் வைத்திருந்தவர்களின் சம்பளமும் அரசுப் பணத்திலிருந்துதான் வந்தது. இன்று ஓர் ஆய்வுத் திட்டத்தில் ‘பட்டியலைப் பராமரிக்க ஆள் வேண்டும்’ என்று எழுதினால் நிதிக்குழு முதலில் வெட்டுவது அந்த வரியைத்தான். எனக்கு இதில் தீராத எரிச்சல் உண்டு.

அந்தப் பழைய கோப்பின் வாரிசுதான் இப்போது உங்கள் கணினியில் இருப்பது. லினக்ஸிலும் மேக்கிலும் ஈடிசி ஃபோல்டரில் இருக்கும். விண்டோஸில் சிஸ்டம்32க்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்று ஆழத்தில் கிடக்கும். திருத்துவதற்கு அட்மின் அனுமதி வேண்டும். ஒரு வரியில் முதலில் முகவரி, இடைவெளி விட்டுப் பெயர், அவ்வளவே. ஒரே முகவரிக்குப் பல பெயர்கள் எழுதலாம். போர்ட் எண் (ஒரு கணினியில் எந்தச் சேவை என்று காட்டும் எண்) எழுத முடியாது, நட்சத்திரக் குறி போட்டு ‘இதன் கீழ் வரும் எல்லாப் பெயர்களும்’ என்றும் சொல்ல முடியாது. லோக்கல்ஹோஸ்ட்டுக்கு நேராக 127.0.0.1 என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 127 என்று தொடங்கும் சுமார் 1 கோடியே 67 லட்சம் முகவரிகளும், கணினி தனக்குத்தானே பேசிக்கொள்வதற்காக ஒதுக்கப்பட்டவை. பெரும்பாலோர் பயன்படுத்துவது ஒன்றே ஒன்றை!

இனி எனக்குப் பிடித்த இடம். லினக்ஸில் பிரவுசரோ பிங்கோ ஒரு பெயரைத் தேடும்போது பொதுவாக நேரே டிஎன்எஸ்ஸிடம் ஓடுவதில்லை. நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் அடிப்படை வேலைகளின் தொகுப்பான சி லைப்ரரியிடம் கேட்கின்றன. அந்த லைப்ரரி, ஈடிசி ஃபோல்டரிலேயே என்எஸ்ஸ்விட்ச் என்ற இன்னொரு கோப்பைத் திறந்து, அதில் ‘ஹோஸ்ட்ஸ்’ என்று தொடங்கும் வரியைப் பார்க்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன் சோலாரிஸ் இயங்குதளத்தில் கையாண்ட முறை இது. வரி எளிமையானது: ‘ஃபைல்ஸ்’, அதன்பின் ‘டிஎன்எஸ்’. முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார், அங்கே கிடைக்காவிட்டால் டிஎன்எஸ்ஸிடம் கேள் என்று அர்த்தம். வரிசையை மாற்றி எழுதினால், உங்கள் ஹோஸ்ட்ஸ் கோப்பில் என்ன இருந்தாலும் டிஎன்எஸ் சொல்வதே முதலில் எடுபடும்.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் வரிசைப் பட்டியல். ஆனால் இதை வடிவமைத்தவர்கள் ‘கிடைக்கவில்லை’ என்பதை ஒரே பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டுக்குப் போய் ஒருவரைக் கேட்கிறோம். ‘அப்படி யாரும் இங்கே இல்லை’ என்று பதில் வருவது வேறு, கதவே திறக்காதது வேறு, ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று உள்ளிருந்து குரல் வருவது வேறு. கிடைத்தது என்பதையும் சேர்த்து மொத்தம் நான்கு நிலைகள். ஒவ்வொன்றுக்கும் ‘இங்கேயே நில்’ அல்லது ‘அடுத்த இடத்துக்குப் போ’ என்று நாம் தனித்தனியே கட்டளை எழுதலாம். எதுவும் எழுதாவிட்டால், கிடைத்தால் நிற்கும், மற்ற மூன்றிலும் அடுத்ததற்குப் போகும்.

இதன் அழகு தெரிய வேண்டுமென்றால் பல லினக்ஸ் மேசைக்கணினிகளில் இருக்கும் வரியைப் பாருங்கள். ஃபைல்ஸுக்கும் டிஎன்எஸ்ஸுக்கும் நடுவே எம்டிஎன்எஸ் உட்கார்ந்திருக்கும். ‘.லோக்கல்’ என்று முடியும் பெயர்களை, மத்தியில் ஒரு சர்வர் இல்லாமலே, 224.0.0.251 என்ற முகவரிக்கு ஒரு பொதுக் குரல் கொடுத்துத் தேடும் முறை அது. பிரிண்டர்கள் தாமாகக் கண்ணில் படுவது பெரும்பாலும் இதனால்தான். அதன் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ‘நாட்ஃபவுண்ட் என்றால் ரிட்டர்ன்’, அதாவது ‘இல்லை’ என்று பதில் வந்தால் அங்கேயே நில் என்று எழுதியிருக்கும். இப்போது கவனியுங்கள். ‘.லோக்கல்’ பெயரைத் தேடி, பக்கத்தில் யாரும் குரல் கொடுக்காவிட்டால் பதில் ‘இல்லை’. தேடல் அங்கேயே முடிகிறது, வீட்டுக்குள்ளே புழங்கும் அந்தப் பெயர் வெளி டிஎன்எஸ் சர்வருக்குப் போவதில்லை. வேறு பெயராக இருந்தால் எம்டிஎன்எஸ் ‘இல்லை’ என்று சொல்லாது, ‘என்னால் பதில் தர முடியாது’ என்ற நிலையைத் தரும். கட்டளை ‘இல்லை’க்கு மட்டும்தான் என்பதால் தேடல் டிஎன்எஸ்ஸுக்கு நகர்கிறது. ஒரே வரியில், இஃப் எல்ஸ் என்று நிபந்தனை எதுவும் எழுதாமல், பெயரைப் பொறுத்துப் பாதை பிரிகிறது.

சில அலுவலகங்கள் தங்கள் உள் சர்வர்களுக்கே ‘.லோக்கல்’ என்று பெயர் வைத்திருக்கும். அங்கே டிஎன்எஸ்ஸுக்குப் பதில் தெரிந்திருந்தும் லினக்ஸ் கணினி ‘அப்படி ஒரு சர்வர் இல்லை’ என்று சாதிக்கக்கூடும். காரணம் இந்த அடைப்புக்குறிதான். இன்னொன்று, ஆல்பைன் என்ற லினக்ஸ் வகையில் இருக்கும் மஸ்ல் என்ற சி லைப்ரரி இந்த என்எஸ்ஸ்விட்ச் கோப்பைத் திரும்பியும் பார்க்காது. அதற்கு ஹோஸ்ட்ஸ், பிறகு டிஎன்எஸ், அவ்வளவுதான் உலகம். கன்டெய்னருக்குள் (ஒரு நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் சூழல்) உட்கார்ந்து இந்த வரியை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் கவனிக்க.

வாசகரின் கேள்விக்கு வருவோம். பிங் சி லைப்ரரி வழியே போகிறது, அதனால் ஹோஸ்ட்ஸ் கோப்பு அதன் கண்ணில் படுகிறது. என்எஸ்லுக்அப் டிஎன்எஸ் சர்வரை விசாரிப்பதற்கென்றே உள்ள கருவி. ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறப்பது அதன் வேலையே இல்லை. டிக் என்ற இன்னொரு கருவியும் அப்படித்தான். லினக்ஸில் ‘மற்ற நிரல்களுக்கு என்ன பதில் கிடைக்கும்’ என்று பார்க்க கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் என்று கொடுத்துப் பெயரை எழுதுங்கள். சிலருடைய கணினியில் என்எஸ்லுக்அப்பும் புது முகவரியையே காட்டக்கூடும். அங்கே 127.0.0.53இல் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற பெயர் தேடும் சேவை உட்கார்ந்து, கேட்பவருக்கெல்லாம் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

அப்புறம், எது வேலை செய்யாவிட்டாலும் ‘கேஷைக் காலி செய்’ என்று மந்திரம் போலச் சொல்லும் வழக்கம் ஒன்று. முன்பு கிடைத்த பதில்களை எடுத்து வைக்கும் இடம்தான் கேஷ். கேஷ் வைக்கும் சேவை எதுவும் ஓடாத லினக்ஸில், லைப்ரரி ஒவ்வொரு தேடலுக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் புதிதாகப் படிக்கிறது. காலி செய்ய அங்கே ஒன்றும் இல்லை. தாயத்து கட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. உண்மையில் பழைய பதிலைப் பிடித்து வைத்திருப்பது பல நேரம் பிரவுசர். அதற்கென்று தனிக் கேஷ் உண்டு. பழைய சர்வரோடு திறந்த இணைப்பும் உயிரோடு இருக்கலாம். பிரவுசரை முழுதாக மூடித் திறந்தால் போதும்.

புது சர்வருக்குத் தளத்தை மாற்றும் முன் சோதித்துப் பார்க்க ஹோஸ்ட்ஸ் வரி நல்ல வழி. முகவரி மட்டும்தான் மாறுகிறது. பிரவுசர் அனுப்பும் கோரிக்கையில் தளத்தின் பெயர் அப்படியே போகும். அதனால் ஒரே முகவரியில் பத்துத் தளங்கள் இருந்தாலும் சர்வர் சரியானதை எடுத்துக் கொடுக்கும். வெறும் ஐபியை அடித்தால் இது நடக்காது. அந்தப் பெயருக்கான சான்றிதழ் புது சர்வரில் இல்லையென்றால் மட்டும் பிரவுசர் எச்சரிக்கும். சோதனை முடிந்ததும் வரியை அழிக்க வேண்டாம், முன்னால் ஒரு ஹேஷ் (#) குறி போட்டுவிட்டால் போதும், கணினி அந்த வரியைக் கண்டுகொள்ளாது.